குழலின் நீளம்: ஓய்மா நாட்டில் வேட்டையும் துப்பாக்கியும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் கவியரங்கம் முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், உறுப்பினர் ஒருவரின் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அயல்நாட்டில் பணிபுரியும் இளைஞர், விடுமுறைக்கு வந்திருந்தார். "அம்மா, வேட்டைக்கும் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவதற்கும் எடுத்துப் போகிற மாதிரி, குட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்குமா? அங்கே என் நண்பர்கள் வைத்திருக்கிறார்கள்" என்றார். அருகில் நின்ற கவிஞர்கள் சிரித்தனர். தமிழ் விரிவுரையாளரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்பது அச்சிரிப்பின் பொருள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கியின் குழலைக் குறைக்கலாமா, கூடாதா என்னும் வழக்கு, நான் பள்ளிச் சிறுமியாய் இருந்த நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடந்ததுண்டு.

அவ்விளைஞருக்கு அன்று மூன்றே தொடர்களில் விடை கூறிவிட்டேன். வேட்டை இந்நாட்டில் சட்டப்படி இல்லை. சரணாலயத்துக்குள் முன் இசைவு இன்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். இருபது அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய துப்பாக்கிக்கு உரிமம் கேட்கச் சட்டம் அவருக்கு வழி வைக்கவில்லை. விடை அத்துடன் முடிந்தது. ஆனால் இந்த மூன்று தொடர்களும் எங்கிருந்து வந்தன என்று எண்ணத் தொடங்கியபோது, நம் திண்டிவனம், விழுப்புரம் மண்ணின் நெடுங்கதை ஒன்று அவற்றின் பின்னே கிடப்பது தெரிந்தது. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது இதனையே எழுதத் துணிந்தேன்.

வேட்டை இம்மண்ணுக்குப் புதிதன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மா நாட்டுக்கு உரியவன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. பரிசில் பெற வரும் பாணர்கள் எயிற்பட்டினத்து நெய்தல் நிலத்தைக் கடந்து, முல்லை நிலத்து வேலூரை அடைகின்றனர். அங்கே எயினர் வீட்டு மகளிர் புளியிட்டுச் சமைத்த சூடான சோற்றையும் காட்டு ஆவின் சுட்ட இறைச்சியையும் படைக்கின்றனர். திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதிலிருந்து வந்தது என்பர். அப்பெயர் விளக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எயிற்றியரின் அந்தப் புளிச்சோறு என் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. இதனை ஆராய்ச்சி முடிபாகக் கொள்ள வேண்டா. வேட்டுவர் வீட்டு அடுப்பை இழிவென்று கருதாத புலவர் ஒருவர், இன்றைக்கு ஆயிரத்தெழுநூறு, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஊரைப் பாடியிருக்கிறார் என்பதே நான் சொல்ல விரும்புவது.

அக்காலக் கருவிகளை நம் உறுப்பினர்கள் நன்கறிவர். வேட்டைக்கு வில், தினைப்புனம் காக்கத் தழல், தட்டை, குளிர், கவண். இவ்விரு வகையையும் சேர்த்து நோக்க வேண்டும். கொல்வதற்கு ஒரு கருவி, விரட்டுவதற்கு வேறு கருவி என்று பிரித்து வைத்திருந்தனர் குறிஞ்சி மக்கள். கிளியை ஓட்டும் மகளின் கையில் வில் இல்லை. பிற்காலத்தில் துப்பாக்கி வந்தபோது இப்பிரிவு மறைந்தது. ஒரே குழல் கொல்லவும் செய்தது, விரட்டவும் செய்தது. சட்டத்தின் பின்னாளைய தடுமாற்றங்களுள் பாதி இதிலிருந்து எழுந்தவை என்பது என் எண்ணம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றியபோது தமிழகத்தில் துப்பாக்கி நன்கு பழகிவிட்டிருந்தது. ஆயினும் அந்நூலில் சிங்கன் வயலில் இறங்கிப் பறவை பிடிப்பது கண்ணி வைத்தே. இலக்கிய மரபு கருவியை மாற்ற மறுத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். பறவை பிடிப்போனுக்குத் துப்பாக்கி வாங்க வசதி இருந்திராது என்றும் கொள்ளலாம். நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். மேலும் ஒன்று: குறவஞ்சியின் குறவரும் இன்றைய நரிக்குறவரும் ஒருவர் அல்லர். நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி; குசராத்தி, மராத்தி மொழிகளின் சாயல் அதில் உண்டு. மேடைகளில் இவ்விருவரையும் ஒன்றாகக் குழப்பும் கவிதைகளை நம் அரங்கிலும் கேட்டிருக்கிறேன்.

துப்பாக்கி என்னும் சொல் துருக்கியிலிருந்து பாரசீகம் வழியாகத் தென்னாட்டு மொழிகளுக்கு வந்தது. தெலுங்கில் துபாகி என்பர். சொல் வந்த வழியே பொருளும் வந்தது. நம் மாவட்டத்தில் அதன் முதன்மையான அரங்கு செஞ்சிக் கோட்டை. 1677இல் சிவாசியின் கைக்கு வந்த அக்கோட்டையை முகலாயர் 1690 தொடங்கி 1698 வரை முற்றுகையிட்டனர். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புசி அதனைக் கைப்பற்றினார். 1760 சனவரி 22இல் வந்தவாசிப் போர். மறு ஆண்டு செஞ்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நாளைய படை நடமாட்டங்களைப் புதுச்சேரியில் இருந்தவாறு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை, நம் வட்டார உரைநடையின் முதற்பெரும் நூலாக நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. போர்கள் முடிந்ததும் படைகள் கலைந்தன. துப்பாக்கிகள் ஊர்களில் தங்கின.

அவற்றைத் திரும்பப் பெறும் முயற்சி தென் பாளையங்களில் தொடங்கியது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டின் திசம்பர் முதல் நாளில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை அங்கே ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் 1878இல் லிட்டன் பிரபு ஆட்சியில் இந்தியா முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டுவதில்லை. அதே லிட்டன் அதே ஆண்டில்தான் தாய்மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். கவிஞர்களுக்கு இந்த இணைப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும்: எழுதுகோலுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே ஆண்டில் பூட்டுப் போட்டவர் அவர். இதழ்ச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டமோ 1959 வரை நின்றது. அகிம்சையின் ஆசானாகிய காந்தியடிகளே 1918இல், ஆங்கிலேயர் இழைத்த தீங்குகளுள் மிகக் கருமையானதாக வரலாறு இச்சட்டத்தைக் கருதும் என்று எழுதினார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

துப்பாக்கிக்கு எதிரான வழக்கும் நம் பக்கத்திலேயே உண்டு. அதனையும் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருதலையாகிவிடும். திண்டிவனத்துக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் மதுராந்தகத்தை அடுத்து இருக்கிறது வேடந்தாங்கல். வேடர் தங்கும் இடம் என்பது பெயரின் பொருள். இன்று அங்கே தங்குவன பறவைகளே. ஆங்கிலப் படைவீரர்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசு 1798 அளவில் அவ்வூராருக்குக் கவுல் என்னும் உரிமை ஆவணம் அளித்தார் என்பதும், 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது என்பதும் அவ்வூர் வரலாறு. 1936இல் அரசு அதனைச் சரணாலயமாக ஏற்றது. ஊராரின் முறையீட்டில் அருள் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்த வயல்கள் நன்கு விளைந்தன. முப்பது எக்டேர் அளவுள்ள சிறிய ஏரி ஒன்றுக்காக உழவர்கள் ஒரு பேரரசின் துப்பாக்கியை ஊருக்கு வெளியே நிறுத்தினர்.

இனி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலைக்கு உட்புறமாக இருந்தது என் தாத்தாவின் ஊர். மானாவாரி நிலத்தில் மணிலா பயிரிட்டார். காய் முற்றும் பருவத்தில் இரவில் பன்றியும் நரியும் புகுந்து கொடியைக் கிளறிவிடும். பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. குழலின் வாய்வழியே மருந்தை இட்டு, தேங்காய் நாரை அடைத்து, இரும்புக் கோலால் கெட்டித்து, அதன்மேல் ரவையையோ ஈயக் குண்டையோ போட்டு, மீண்டும் அடைத்து, பின்புறத்தில் கேப்பு வைத்துக் குதிரையை இழுத்துவிட வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு இத்தனையும் முதலிலிருந்து. தாத்தா பெரும்பாலும் குண்டு போடுவதில்லை; மருந்தை மட்டும் கெட்டித்து வானத்தை நோக்கி வெடிப்பார். தட்டையும் குளிரும் செய்த வேலையைத்தான் அது செய்தது.

அறுவடை முடிந்ததும் நரிக்குறவர் குடும்பங்கள் வந்து ஏரிக்கரையில் தங்குவர். ஆண்கள் எங்கள் நிலத்தில் காடையும் கௌதாரியும் சுடுவர். பெண்கள் ஊசியும் பாசிமணியும் விற்பர். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வேட்டையும் குற்றமே. எங்கள் வீட்டில் எவருக்கும் அன்று அது தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை. அவர்களுள் முதியவர் ஒருவர் தாத்தாவின் துப்பாக்கியை ஆண்டுக்கொரு முறை வாங்கிப் பார்த்துத் துடைத்துக் கொடுப்பார். ஓராண்டு குழலின் வாயில் சிறு வெடிப்பு விழுந்திருந்தது. என் சித்தப்பா, "ஒரு முழம் அறுத்துவிட்டால் போகிறது, தூக்கவும் எளிது, இருட்டில் சுடவும் எளிது, ரவையும் அகலமாய்ப் பரவும்" என்றார். முதியவர் குழலைத் தடவியபடி சொன்னார்: "அறுக்காதே சாமி. கொழலு கொறஞ்சா மருந்து வெளியில எரியும். சத்தம்தான் மிஞ்சும்."

அவர் எந்தப் பள்ளியிலும் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னது முற்றிலும் சரி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். நாட்டு மருந்து என்பது வெடியுப்பு முக்கால் பங்கு, எஞ்சியதில் கரி கூடுதலும் கந்தகம் குறைவுமாகச் சேர்ந்த கலவை. அது மெல்ல எரிவது. எரிந்தெழும் ஆவி, குண்டைக் குழலின் நீளம் முழுவதும் தள்ளிக்கொண்டே வர வேண்டும். குழல் குட்டையானால் தள்ளும் தொலைவு குறைகிறது. எரியாத மருந்து வாய்க்கு வெளியே தீப்பிழம்பாகச் சிதறுகிறது. இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்து குழலின் முற்பகுதிக்குள்ளேயே எரிந்துவிடும்; ஆகையால் அவ்வகைத் துப்பாக்கியில் நீளம் குறைவதால் வேக இழப்பு மிகுதியில்லை. அயல்நாட்டு இளைஞரின் நண்பர்கள் குட்டைக் குழலை விரும்புவதன் அடிப்படை இது. குழலை அறுத்தால் ரவை அகலப் பரவும் என்னும் சித்தப்பாவின் கூற்றும் அரைகுறை உண்மையே. பரவலை முதன்மையாக முடிவு செய்வது குழல்வாயின் ஒடுக்கம். அவ்வொடுக்கம் உள்ள குழலை அறுத்தால் அது போய்விடுவதால்தான் ரவை சிதறுகிறது. நாட்டுத் துப்பாக்கியின் நேர்க்குழலில் அப்படியொன்று இருப்பதில்லை.

குட்டைக் குழலுக்கு வேறொரு குணம் உண்டு. உலகெங்கும் சட்டங்கள் அஞ்சியது அதற்கே. அதனை மேலாடைக்குள் மறைக்கலாம். சிசிலித் தீவில் ஓநாய் வேட்டைக்காக இருந்த துப்பாக்கியைக் குழலறுத்து வைத்துக்கொண்டனர். ஓநாயின் பெயரிலிருந்தே அதற்கு லூப்பாரா என்று பெயர். பின்னர் அப்பெயர் மனிதரைக் கொல்லும் கூட்டத்தாரின் அடையாளமாயிற்று. அமெரிக்கா 1934இல் பதினெட்டு அங்குலம் என்று எல்லை வகுத்து, அதற்குக் குறைந்தவற்றைத் தனிப் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. பிரித்தானியச் சட்டம் இருபத்துநான்கு அங்குலம் என்றது. நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடுவே நிற்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்கு, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய, உட்புறம் வரியில்லாத துப்பாக்கிக்கும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கெனக் கேட்பவனுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் உரிமம் அளிக்க வேண்டும் என்பது அதன் பதின்மூன்றாம் பிரிவு. உரிமமின்றிக் குழலைக் குறைக்கக் கூடாது என்பது ஆறாம் பிரிவு. சித்தப்பா அன்று அரத்தை எடுத்திருந்தால் அவர் மீறியிருக்கக்கூடியது இதனையே. முதியவரின் சொல்லைக் கேட்டுத் தாத்தா துப்பாக்கியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அனுப்பினார்.

பதின்மூன்றாம் பிரிவைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். செல்வர் வாங்கும் கைத்துப்பாக்கிக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்ற அச்சட்டம், உழவனின் மலிவான நாட்டுத் துப்பாக்கிக்கு அளிக்க வேண்டும் என்றே எழுதியது. வெள்ளையர் சட்டத்தின் கசப்பை மறவாதவர்கள் எழுதிய சட்டம் அது. ஆனால் பயிர் காக்கும் உழவனை நினைத்தவர்கள், பயிர் இல்லாதவனை நினைக்கவில்லை. நரிக்குறவருக்கு நிலமில்லை; ஆகவே காக்கப் பயிருமில்லை. விளையாட்டாகவும் அவர்கள் சுடவில்லை. உரிமம் பெற்றவர்கள் சிலர் இருந்தனர். எஞ்சியோர் துப்பாக்கிகள் காவல்துறை கேட்டபோதெல்லாம் போயின.

குடகு நாட்டைப் பார்த்தால் இம்முரண் நன்கு விளங்கும். குடகர்க்கு 1861 தொடங்கி ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. தொடர்ந்து வந்த ஆட்சிகள் அதனை நீட்டித்தன; 2019இல் ஒன்றிய அரசு மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. துப்பாக்கி அவர்தம் பண்பாட்டின் பகுதி, விழாக்களில் வணங்கப்படுவது என்பது சொல்லப்படும் காரணம். அது உண்மையே, அதில் எனக்கு மறுப்பில்லை. துப்பாக்கியே சோறாக இருந்த மக்களுக்கு அது பண்பாடாகக் கருதப்படவில்லையே என்பதுதான் என் மனக்குறை. படைகளில் சேர்ந்து அரசுக்குத் துணைநின்றவர்க்குச் சலுகை கிடைத்தது. ஊர் ஊராய் நடந்தவர்க்கு ஐயம் கிடைத்தது. 1909இல் தர்சுடன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் குருவிக்காரர் பறவை பிடிப்போர், நரி வேட்டையாடுவோர், இரப்போர் என்ற அளவில் பதிவாகியுள்ளனர். அப்பதிவின் நிழல் நெடுநாள் நீங்கவில்லை. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 திசம்பரில்தான்.

அதற்குள் வேட்டை சட்டத்திலிருந்தே மறைந்துவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டைக்கு உரிமம் என்ற சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சாத்தியது. காகம், எலி முதலியவை கொல்லத்தக்கவை என்றிருந்த பட்டியலையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. நம் விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலி, 5,151 எக்டேர் பரப்புள்ள உவர்நீர்ச் சதுப்பு, 2021 திசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாத்தாவின் நிலத்திலிருந்து அது நடக்கும் தொலைவுதான். தொலைநாட்டுப் பறவைகள் இறங்கும் நீரில் ஈய ரவை விழாதிருப்பது நல்லதே; இரையென்று ஈயத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பது கண்டு அமெரிக்காவிலேயே 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்துவிட்டனர். வேடந்தாங்கல் உழவர் பக்கமே நானும் நிற்கிறேன். நின்றபடியே ஏரிக்கரைக் கூடாரங்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

பன்றிச் சிக்கல் மட்டும் தீரவில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை, காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம் என 2025 தொடக்கத்தில் தமிழக அரசு முடிவெடுத்தது. உழவன் கையிலிருந்த பழைய கடமை அரசு ஊழியர் கைக்கு மாறியிருக்கிறது.

எங்கள் துப்பாக்கியின் கதை 1996இல் முடிந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பின்னர் திரும்பப் பெறுவது வழக்கம். அவ்வாண்டுத் தேர்தலுக்குத் தாத்தா ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வந்தார். வாக்குகள் எண்ணி முடிவதற்குள் அவர் காலமானார். வாரிசு புதிதாக உரிமம் பெற வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். பள்ளி ஆசிரியராய் இருந்த அப்பா, "பேனா பிடிக்கிறவனுக்கு அது எதற்கு" என்று விட்டுவிட்டார்.

அந்த மணிலா அறுவடைக்குப் பின் முதியவர் வந்தார். தாத்தா இல்லை என்று கேட்டுத் திண்ணையோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு துப்பாக்கி எங்கே என்று வினவினார். பாட்டி உள்ளே சென்று, பன்றிக்கான குண்டு வார்க்கும் இரும்பு அச்சை எடுத்துவந்து, "இது உனக்காவது ஆகும், வச்சுக்கப்பா" என்று நீட்டினார். அவர் அதனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திண்ணையிலேயே வைத்தார்.

"இத வச்சு நான் என்னா பண்ணுவேன் சாமி? எங்க துப்பாக்கியும் டேசன்லதான் கெடக்குது" என்றார்.

அதற்கு மறு ஆண்டு அவர்கள் வரவில்லை. அவருடைய துப்பாக்கி திரும்பக் கிடைத்ததா என்று அறியவும் வாய்க்கவில்லை. அச்சு மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.